மாரீஸ்வரிக்கு அடுத்த பெயர்

1. விரிசல் விட்ட போன்

வேலையில் சேர்ந்த அன்று பாஸ்கர் சார் என் கையில் முதலில் கொடுத்தது லேப்டாப் அல்ல. கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போன்.

"இதுல இன்னா தெரியுதோ அதாம்மா வெப்சைட். லேப்டாப்ல தெரியறது சும்மா பொம்ம" என்றார்.

எங்கள் ஆபீஸ் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. எங்களிடம் வருபவர்கள் பெரிய கம்பெனிகள் அல்ல. அந்தப் பெரிய கம்பெனிகளை நம்பிப் பிழைப்பவர்கள். ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர், கேன்டீன் எடுத்தவர், பஸ் விடுபவர், லேடீஸ் ஹாஸ்டல் நடத்துபவர். ஒவ்வொருவரிடமும் யாரோ எப்போதோ செய்துகொடுத்த ஒரு வெப்சைட் இருக்கும். கம்ப்யூட்டரில் திறந்தால் ஒழுங்காகத் தெரியும். போனில் திறந்தால் எழுத்து பொடியாகி, பாதிப் பக்கம் வலது ஓரத்துக்கு வெளியே போய்விடும். ஆனால் அதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் பார்ப்பது போனில்தான். ஃபேக்டரி லைனில் நிற்கிறவர்களிடம் கம்ப்யூட்டர் ஏது?

வெப்சைட்டை அடியிலிருந்து மாற்றி எழுத இவர்கள் யாரும் தயாராக இல்லை. முதலில் எழுதியவர் எங்கே இருக்கிறார் என்றே பலருக்குத் தெரியாது. அதற்குத்தான் எங்கள் கருவி. பழைய பக்கத்தின் தலைப் பகுதியில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும். யாராவது போனில் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் எங்கள் ஸ்கிரிப்ட் ஓடும். திரையின் அகலத்தை அளக்கும். எதெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதையெல்லாம் தானாகவே சரிசெய்யும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'ஃபிட்'.

என் கல்லூரி ஜூனியர்கள் இந்த வேலையைப் பற்றி எழுதித் தரச் சொன்னதால் இதை எழுதுகிறேன். அவர்களுக்காக, அடிக்கடி வரும் கோளாறுகளை வரிசைப்படுத்திவிடுகிறேன்.

அ. பக்கத்தின் அகலத்தை கம்ப்யூட்டருக்கென்று எண்ணிலேயே எழுதி வைத்திருப்பார்கள். போன் அதைச் சுருக்கிக் காட்டப் பார்க்கும். எழுத்து எறும்பாகிவிடும்.

ஆ. பட்டன்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது அமுங்கும்.

இ. மவுஸை மேலே கொண்டுபோனால்தான் மெனு திறக்கும். விரலுக்குத் திறக்காது.

ஈ. படம் திரையைவிடப் பெரிதாக இருக்கும்.

உ. அட்டவணை.

முதல் நான்கையும் விதி எழுதிச் சரிசெய்துவிடலாம். அட்டவணைதான் கஷ்டம். அகலமான அட்டவணையைச் சின்னத் திரையில் காட்ட வேண்டுமென்றால் வெட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் தனியாகப் பிரித்து, ஒரு சீட்டு போல ஆக்கி, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் கார்டு. ஃபிட்டில் அந்தப் பகுதியை எழுதியது நான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று இப்போதும் நினைக்கிறேன். இனி நான் சொல்லப்போவதைப் படிக்கும்போது இதை மறந்துவிட வேண்டாம். அதில் பிழை எதுவும் இல்லை.

2. மாடியில் அட்டெண்டன்ஸ்

எங்கள் வீடு படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே. அம்மா மாடியில் இரண்டு ரூம் கட்டி, ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். எல்லோரும் நாங்குநேரி, சங்கரன்கோவில் பக்கம். ஒரே வேனில் வந்து, ஒரே கான்ட்ராக்டரிடம் சேர்ந்து, காருக்கு வயர்களைக் கட்டாகப் பின்னும் வயரிங் ஹார்னஸ் செய்யும் ஒரே பிளான்டுக்குப் போகிறவர்கள். அவர்களோடு வந்த மற்ற பெண்கள் இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் இருந்தார்கள்.

மாடியில் இருந்தவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் போதும். ஒருத்தி பேச்சியம்மாள். குரல் பெரிது. அவள் மாடியில் போன் பேசினால் கீழே எங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டும். இன்னொருத்தி இசக்கியம்மாள். அங்கிருந்தவர்களில் வயதில் மூத்தவள், அதிகம் பேசாதவள். ஷிப்ட் முடிந்து வந்ததும் யூனிஃபார்மைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

இசக்கிக்கு ஒரு கணக்கு இருந்தது. மாடியில் எல்லோருக்கும் அது தெரியும். கான்ட்ராக்டர் ஆளாக ஒன்றரை வருடம், இடையில் ஒரு வாரம்கூட விடாமல் ரோஸ்டரில், அதாவது வாராந்தர ஷிப்ட் பட்டியலில், பெயர் இருந்தால், கம்பெனி தன் சொந்த ரோலுக்கு, நேரடி வேலைக்கு ஆள் எடுக்க நடத்தும் டெஸ்டுக்குக் கூப்பிடும். ஆனால் வயது இருபத்தாறைத் தாண்டியிருக்கக் கூடாது. இசக்கிக்குப் புரட்டாசியில் ஒன்றரை வருடம் முடியும். தை மாதத்தில் இருபத்தாறு தாண்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு டெஸ்ட். அவளுக்கு இருந்த வாசல் அது ஒன்றுதான்.

ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் அடுத்த வாரத்து ரோஸ்டர் கான்ட்ராக்டரின் வெப்சைட்டில் வரும். அன்று அந்தத் தெருப் பெண்களும் எங்கள் மாடிக்கு வந்துவிடுவார்கள். பாய் விரித்து, நடுவில் ஒரு போனை மல்லாக்க வைத்து, சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். கான்ட்ராக்டரின் பக்கம் முழுவதும் ஒரே அட்டவணை. இடது ஓரத்தில் பெயர், பிறகு டோக்கன் நம்பர், லைன், பஸ் ரூட், அதன் பிறகு ஏழு நாளுக்கும் ஏழு கட்டம். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. இருக்கிறதா என்று பார்க்க வலதுபுறம் இழுத்தால் பெயர் இடதுபுறம் காணாமல் போய்விடும். வரி மாறாமல் இருக்கத் தங்கள் ஐடி கார்டையே ஸ்கேல் மாதிரி திரையின்மேல் வைத்துக்கொள்வார்கள். ஒருத்தி கார்டைப் பிடிக்க, ஒருத்தி இழுக்க, பேச்சி வாசிப்பாள்.

"மாரீஸ்வரி."

"இருக்கேன்."

"பி ஷிப்ட்டு, ஞாயித்துக்கெழம ஓ.டி. அடுத்து இசக்கி."

"இருக்கேன்."

"ஏ ஷிப்ட்டு. ஏட்டி, ஒனக்கு மட்டும் எப்பவும் ஏ ஷிப்ட்டு விழுது. சூப்பர்வைசருக்கு அதிரசம் கொண்டு குடுத்தியா?"

"நீ வேணா முறுக்குக் கொண்டு குடு. ஒனக்கும் விழும்."

கீழே அம்மா அரிசி களைந்துகொண்டே முணுமுணுப்பார். "சனிக்கெழம ஆனா போதும், மாடில அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரமிச்சுடுதுங்க. இன்னாடி படிப்பு இது, வாய் வுட்டுப் படிக்காம புரியாதா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கம் மோசமாக இருப்பதால் இத்தனை பேர் கூடி இவ்வளவு நேரம் படிக்க வேண்டியிருக்கிறது, பாவம் என்று.

3. நான் கேட்ட கேள்வி

அந்தக் கான்ட்ராக்டரே எங்கள் ஆபீசுக்கு வந்தார் என்பது பெரிய தற்செயல் இல்லை. இந்த ரோட்டில் யாரைத் தொட்டாலும் யாரோ ஒருவருக்கு வேண்டியவராகத்தான் இருப்பார். அவரிடம் எச்.ஆர். பார்க்கும் தயாளன் சார் ஆபீசில் உட்கார்ந்து போனைக் காட்டினார்.

"இதப் பாருங்க பாஸ்கர். என் கண்ணுக்கே தெரியல. பசங்க எப்புடிப் பாப்பாங்க? ஒரே கம்ப்ளெயின்ட்."

பாஸ்கர் சார் என்னைப் பார்த்தார். "உன் வூட்டு மாடியிலயே யூசர் கீறாங்க இல்ல? இன்னா கஷ்டம்னு கேட்டுக்கினு வா."

அன்று சாயங்காலம் நோட்டுடன் மாடிக்குப் போனேன். "இந்தப் பக்கத்துல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"வலது பக்கம் இழுத்தா பேரு போயிருதுக்கா."

"கண்ணு வலிக்கிக்கா. பெருசு பண்ணுனா பாதி தெரியல."

"பஸ்ஸு ரூட்டு எங்கயோ மூலையில கெடக்கு. போன வாரம் மாறி ஏறிட்டேன். ஒரகடத்துல எறக்கி விட்டுட்டாவ."

"என் பேரத் தேடவே பத்து நிமிசம் ஆவுது."

இசக்கி மட்டும் எதுவும் சொல்லவில்லை. "உனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கென்னக்கா கஷ்டம். பேச்சி வாசிக்கா, நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. அது கஷ்டம் இல்லையே.

ஃபிட்டைப் போட்டதும் அந்தப் பக்கம் கண்ணுக்கு அழகாக மாறியது. மேலே ஒரு கட்டம். டோக்கன் நம்பரைப் போட்டால் உங்கள் கார்டு மட்டும் வரும். பெயர், லைன், பஸ் ரூட் பெரிய எழுத்தில், ஏழு நாளும் ஒன்றின்கீழ் ஒன்றாக. எதையும் இழுக்க வேண்டாம், பெரிதாக்க வேண்டாம். முந்நூறு பேர் கொண்ட அட்டவணை போனில் முடிவில்லாமல் கீழே போகுமே என்பதால், மற்றவர்களுடைய கார்டுகளை ஃபிட் மடித்து ஒளித்துவிடும். நீண்ட அட்டவணை எதுவானாலும் அது அப்படித்தான் செய்யும். இந்தப் பக்கத்துக்கென்று யாரும் தனியாக எதுவும் எழுதவில்லை.

முதல் சனிக்கிழமை பேச்சி மாடியிலிருந்தே கத்தினாள். "அக்கா, சூப்பரா இருக்குக்கா. பஸ்ஸு நம்பரு பளிச்சினு தெரியுது."

இரண்டாவது சனிக்கிழமை அந்தத் தெருப் பெண்கள் வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை நான் துணி எடுக்க மாடிக்குப் போனபோது மாடியில் இருந்த நான்கு பேரும் நான்கு மூலையில் சுவரில் சாய்ந்து, அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் சுருட்டியே இருந்தது. ஆடிக் காற்றில் கொடிக்கம்பி ஆடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பாடா, இப்பதான் மாடி மாடி மாரி கீது" என்றார் அம்மா.

4. சிவப்பு லைட்

அந்த ஆடி மாதத்திலேயே இசக்கியின் ஊரில் கோயில் கொடைத் திருவிழா. நான்கு நாள் லீவு கேட்டு, லைன் லீடரிடம் கையெழுத்து வாங்கி, முறையாக ஊருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, திங்கட்கிழமை விடியற்காலை பெருங்களத்தூரில் இறங்கி, நேராக ரூமுக்கு வந்து குளித்து, காலை ஏ ஷிப்ட்டுக்குக் கிளம்பிப் போனதை நானே பார்த்தேன். நெற்றியில் கோயிலில் இட்ட மஞ்சணை இன்னும் இருந்தது.

நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது அவள் திரும்பி வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்மைக் கழற்றவில்லை. ஷூவையும் கழற்றவில்லை.

அம்மா கேட்டார். "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா? ஏன் திரும்பிட்ட?"

"கேட்டுல ஐடி கார்டு வச்சேம்மா. செவப்பு லைட்டு எரிஞ்சுது. மறுபடி வச்சேன். மறுபடியும் செவப்பு. செக்யூரிட்டி அண்ணன் லிஸ்டப் பாத்துட்டு, 'ஒம் பேரு இல்லம்மா, ஓரமா நில்லு' ன்னாவ."

"லைன் லீடர்கிட்ட பேசினியா?" என்று நான் கேட்டேன்.

"பேசுனேன்க்கா. நேத்து மத்தியானத்துக்குள்ள சொல்லிருந்தா சேத்துருப்பேன், இப்ப எங்கையில இல்லங்காவ."

அப்போதுதான் எனக்கு முழு விஷயமும் தெரிந்தது. கான்ட்ராக்டர் ஆபீசில் ஒவ்வொரு வாரமும் ரோஸ்டரை ஒருவர் பழைய ஷீட்டைப் பார்த்துப் புதிதாக அடிக்கிறார். லீவில் இருப்பவர்களை வேலையை விட்டுப் போனவர்கள் என்று நினைத்து விட்டுவிடுவதுண்டு. ஒரு வரி தாவிப்போவதும் உண்டு. அதனால்தான் சனிக்கிழமை சாயங்காலம் போட்டு, ஞாயிறு மதியம்வரை திருத்த நேரம் கொடுக்கிறார்கள். மதியம் அந்தப் பட்டியல் பிளான்டின் கேட் சிஸ்டத்துக்குப் போய்விடும். அதில் இல்லாதவர்கள் வேலையை விட்டவர்களாக ஆகிவிடுவார்கள்.

மாடியில் பேச்சி வாசித்தது ஷிப்ட் தெரிந்துகொள்வதற்கு மட்டும் இல்லை. அந்த அட்டவணை டோக்கன் நம்பர் வரிசையில் இருந்தது. ஒரே வேனில் வந்து ஒரே நாளில் சேர்ந்தவர்கள் அதில் அடுத்தடுத்து இருந்தார்கள். யாருக்கு அடுத்து யார் என்பது அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு பெயர் விட்டுப்போனால் வாசிக்கும் நாக்கிலேயே தெரிந்துவிடும். ஆள் ஊரில் இருந்தாலும், ஷிப்ட்டில் இருந்தாலும், போன் உடைந்து கிடந்தாலும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். உடனே லைன் லீடருக்கும் தயாளன் சாருக்கும் ஆள் மாற்றி ஆள் போன் போடுவார்கள். பெயர் ஏறும்வரை விடமாட்டார்கள். யாரும் இதை ஒரு வேலை என்று பேசி வைத்துச் செய்யவில்லை. அந்தப் பக்கத்தைத் தனியாகப் படிக்க முடியாது என்பதால் சேர்ந்து படித்தார்கள். சேர்ந்து படித்ததால் இது நடந்தது.

"நீ போன்ல பாக்கலியா?" என்று அவளைக் கேட்டேன்.

"கொடையில போனு பாக்க ஏதுக்கா நேரம். சார்ஜே இல்ல. பழைய நெனப்புல, பேச்சி வாசிப்பாள்லா, எம் பேரு இல்லன்னா சொல்லுவான்னு இருந்துட்டேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த பேச்சி, மறுபடி அதே படியில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பேசினாள், அதுவும் அவளுக்குப் பழக்கமில்லாத சின்னக் குரலில்.

"நான் என் கார்ட மட்டுந்தான்டி பாத்தேன்."

"நீ என்னட்டி செய்வ" என்றாள் இசக்கி. "அதுல அம்புட்டுதான தெரியுது."

5. ஒரு போன்கூட வரவில்லை

அன்று காலையே இசக்கியைக் கூட்டிக்கொண்டு தயாளன் சாரைப் பார்க்கப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார். சைட் விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை. அங்கேயே பிளான்டுக்குப் போன் போட்டார். இரண்டு பேரிடம் பேசினார். மூன்றாவது ஆள் எடுக்கவில்லை.

"லாக் ஆயிடுச்சும்மா. அவங்க சிஸ்டத்துல லெஃப்ட்னு விழுந்துடுச்சு. நான் இனிமே நியூ ஜாயினிங்காத்தான் ஏத்த முடியும். புது டோக்கன் போட்டு, அடுத்த வாரத்துலருந்து வேலைக்கு வரட்டும். வேலை போவலியே, இன்னா?"

"சார், எனக்குப் புரட்டாசில ஒன்றர வருசம் முடியுது" என்றாள் இசக்கி.

"புரியுதும்மா."

"புதுசாச் சேந்தா முதல்லருந்துல்லா எண்ணுவாவ. அதுக்குள்ள எனக்கு வயசு தாண்டிரும் சார்."

அவர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லீவு சாங்ஷன் ஆனதுதான். எங்காளு மிஸ்டேக்குதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஞாயித்துக்கெழம யாராச்சும் ஒரு போன் அடிச்சிருந்தா முடிஞ்சிருக்குமே. முன்னெல்லாம் அன்னிக்கு என்னச் சோறு துன்ன வுட மாட்டாங்க. அவ பேரு இல்ல, இவ பேரு இல்லன்னு ஒரே போனு. உங்க பேஜ் போட்டப்புறம் ஒரு போன்கூட வரல. அவ்ளோ சைலன்ட். நான்கூட பாஸ்கர்கிட்ட சொன்னேன், சூப்பரா பண்ணிட்டீங்கன்னு."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் இசக்கி மடியில் ஐடி கார்டை வைத்துக்கொண்டிருந்தாள். அதன் நீளமான ஓரத்தில் பிளாஸ்டிக் தேய்ந்து வெளுத்திருந்தது. சனிக்கிழமைகளில் போன் திரையின்மேல் வைத்து வைத்துத் தேய்ந்தது.

6. முழுப் பட்டியல்

மறுநாள் பாஸ்கர் சாரிடம் கேட்டேன். "கார்டுக்கு மேல 'முழுப் பட்டியல்'னு ஒரு பட்டன் வைக்கலாம் சார். வேணுங்கறவங்க பழைய மாதிரி பாத்துக்கட்டும்."

"கிளையன்ட் கேட்டாரா?"

"பாக்குறவங்களுக்குத் தேவைப்படுது சார்."

"பாக்குறவங்க நம்ம கிளையன்ட் இல்லம்மா." கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு முதல் நாள் போனைக் கொடுத்தபோது இருந்த அதே குரல். "சரி, ஒரு மெயில் போட்டுப் பாரு."

போட்டேன். தயாளன் சாரிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. ஒருவருடைய ஷிப்ட் விவரம் மற்றவருக்கு எதற்கு, இப்படி இருப்பதுதான் முறை என்று. நானும் அப்படித்தான் படித்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் அது சரி. அதை மறுத்து எழுத என்னிடம் வாக்கியம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மாடிக்குப் போய்ப் பேச்சியின் போனை வாங்கினேன். பிரவுசரின் மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் போன் தன்னை ஒரு கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொள்ளும். கம்ப்யூட்டர் என்றால் ஃபிட் ஓடாது. பழைய அட்டவணை, பொடி எழுத்து, ஓரத்துக்கு வெளியே போகும் கட்டங்கள் எல்லாம் அப்படியே வந்தன.

பேச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாயை விரித்தாள். இரண்டு தெரு தள்ளி இருந்தவர்களுக்குப் போன் போனது.

சில வாரம் அப்படி நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தயாளன் சாருக்கு மறுபடி போன் வர ஆரம்பித்தது. ஒரு முறை இரண்டு பெயர் விட்டுப்போய், மதியத்துக்குள் இரண்டும் ஏறின. எங்களுக்கு மாதாமாதம் ஒரு ரிப்போர்ட் வரும். எத்தனை பேர் ஃபிட் வழியாகப் பார்த்தார்கள், எத்தனை பேர் அதைத் தவிர்த்தார்கள் என்று. பாஸ்கர் சார் அதை என் மேஜையில் வைத்தார்.

"இன்னாம்மா இது, எல்லாரும் பழைய பேஜுக்கு ஓடறாங்க? தயாளன் கேக்கறாரு. டெஸ்க்டாப்னு சொன்னாலும் ஸ்க்ரீன் சைச அளந்து ஃபிட் ஓடற மாரி பண்ண முடியுமா?"

"முடியும் சார். ரெண்டு வரிதான்."

"அப்ப பண்ணிடு."

"நான் எழுதல சார். அந்த டிக் அவங்க வேணும்னு போடுறது. அத நாம மீறக் கூடாது. தயாளன் சார்ட்டயும் அதயே சொல்லலாம்."

அவர் ரிப்போர்ட்டை மடித்து எடுத்துக்கொண்டார். "நீ எழுத வேணாம், வுடு" என்றார். பக்கத்து சீட்டில் இருந்தவர் டீ வருவதற்குள் எழுதி முடித்துவிட்டார். நான் வேலையை விடவில்லை. விட்டிருந்தால் இந்தக் குறிப்பு படிப்பதற்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சனிக்கிழமை பேச்சி டிக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். கார்டு மட்டும்தான் வந்தது.

7. இப்போது

இசக்கி அந்தக் கான்ட்ராக்டரிடம் புதிதாகச் சேரவில்லை. "முதல்லருந்து எண்ணுததுக்கு எனக்குத் தெம்பு இல்லக்கா" என்றாள். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பிளான்டில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறாள். யூனிஃபார்ம் கலர் வேறு. லைனில் உட்கார்ந்து வயர் பின்னிய விரலுக்கு இப்போது மாப். அங்கே டெஸ்டும் இல்லை, ரோலும் இல்லை. இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் ரூமைக் காலி செய்யவில்லை. ஊரில் அம்மாவிடம் கம்பெனி மாறிவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நான் அவளிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "ஒங்க பேஜு நல்லாத்தான்க்கா இருந்துது" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆபீசில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அகலம், பட்டன், மெனு, படம், அட்டவணை என்று மேலே சொன்ன அதே பட்டியல்தான். கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன். 'இதில் என்ன கஷ்டம்?' என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள்; இதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஒரு முறையாவது அவர்களோடு உட்காருங்கள். ஏனென்றால், கஷ்டமாக இருப்பதைத்தான் ஆட்கள் சொல்வார்கள். நன்றாக நடந்துகொண்டிருப்பதை யாரும் சொல்வதில்லை. அது நடக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் இந்த வரியைப் படித்துத் தலையாட்டுகிறார்கள். ஃபிட் அதைப் படிப்பதில்லை. அது தன்பாட்டுக்கு அட்டவணைகளை வெட்டிக்கொண்டிருக்கிறது.

மாடியில் இப்போது வேறொரு ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருத்தியும் தன் கார்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போட வேண்டும். பேச்சி அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய டோக்கன் வரிசையில் பெயர் வாசிப்பாள். கார்டு வராதவளுக்கு உடனே போன் போகும். கைவேலை. முன்பைவிட அதிக நேரம் பிடிக்கிறது. எங்கள் ரிப்போர்ட்டில் இதெல்லாம் வராது. நான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா இப்போது முணுமுணுப்பதில்லை.

"மாரீஸ்வரி."

"இருக்கேன்."

"அடுத்து இசக்கி."

அந்தப் பக்கத்தில் அவளுக்கு இப்போது கார்டு கிடையாது. இருந்தும் பேச்சி அந்த இடத்தில் நிறுத்துவாள். இசக்கி மாடியில் இருந்தால், துணி பிழிந்துகொண்டே, "இருக்கேன்" என்பாள். இல்லாவிட்டால், அவள் பதில் சொல்லும்வரை பேச்சி அடுத்த பெயருக்குப் போக மாட்டாள். போனை எடுத்து இருங்காட்டுக்கோட்டைக்கு அடிப்பாள்.